வாரக் கதம்பம்: அடுத்துப் பேனா பிடிப்பவருக்கு

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

பல நாடுகளில் இருக்கும் நம் உறவுகளுக்குச் சனிதோறும் மின்மடலில் போகும் துணுக்குத் தொகுப்பான வாரக் கதம்பத்தை எழுதும் பொறுப்பு இந்தச் சனியோடு கைமாறுகிறது. அடுத்து எழுத வருபவர் யாராக இருந்தாலும் "எனக்கு நகைச்சுவையெல்லாம் வராதே" என்றுதான் தொடங்குவார். வரவேண்டியதில்லை. எண்ணும் நாளும் நேரமும் சரியாக இருந்தால் சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அவை பிசகினாலும் சிரிப்பு வரும். ஆனால் அது எழுதியவரைப் பார்த்து.

முதலில் அளவு. மொத்தம் 600 முதல் 700 சொல். செய்தி மூன்று, குடும்பம் மூன்று, விளையாட்டு இரண்டு, ஆக எட்டுத் துணுக்கு. கைப்பேசியில் நாலைந்து தடவை விரலால் தள்ளினால் முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் நீண்டால் "அப்புறம் படிக்கலாம்" பட்டியலில் சேர்ந்துவிடும். அந்தப் பட்டியலுக்குப் போன மடல் எதுவும் உயிரோடு திரும்புவதில்லை. எட்டுத் தேற வேண்டுமானால் வாரத்தில் குறைந்தது இருபது சேர்க்க வேண்டும். கண்ணில் பட்டவுடன் குறித்து வையுங்கள்: என்ன விஷயம், எங்கே வந்தது, எந்தத் தேதி. இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனால், வியாழன் இரவு "பூனை, விமானம், பாவம்" என்று ஒரு குறிப்பு மட்டும் உங்களைப் பார்த்து முழிக்கும். வியாழனோடு சேகரிப்பை நிறுத்திவிட்டு, வெள்ளி எழுதி, சனி காலையில் கால்வாசியை வெட்டுங்கள். எதை வெட்டுவது என்று தெரியவில்லையா? முதல் பத்தி. பெரும்பாலும் அது தொண்டையைச் செருமிக்கொள்வதுதான்.

செய்திப் பகுதிக்குப் பெரிய செய்தி ஆகாது. தேர்தலும் போரும் எல்லோருக்கும் முன்பே தெரியும். அரசியலைத் தொட்டால் மறுமொழி அறுபது வரும். அதில் ஐம்பத்தெட்டு இரண்டே பேருடையது. கதம்பத்துக்குத் தோதானது பெரிய இடத்தில் நடந்த சின்னப் பிசகு. 1999-ல் நாசா அனுப்பிய செவ்வாய்க் கலம் ஒன்று அங்கே போய்ச் சேரும் நேரத்தில் தொலைந்துபோனது. காரணம், ஒரு குழுவின் மென்பொருள் உந்துவிசையைப் பவுண்டு கணக்கில் கொடுக்க, இன்னொரு குழு அதை மெட்ரிக் அளவான நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. இதோடு நிறுத்திவிட வேண்டும். "ராக்கெட் விஞ்ஞானிகளுக்கே இப்படி என்றால் நாமெல்லாம்..." என்று நீட்டினால் கெட்டது. அந்த வரியை வாசகர் தாமே மனதுக்குள் சொல்லிக்கொள்வார். அவர் வேலையை நாம் பறிக்கக் கூடாது.

சரிபார்க்காமல் எதையும் போடாதீர்கள். பழைய காணொளி புதுத் தேதியோடு சுற்றுவது ஒரு வகை. நையாண்டித் தளத்தில் வந்தது நிஜச் செய்தியாக வேடம் போடுவது இன்னொரு வகை. முந்திக்கொள்ளும் ஆசைதான் மூன்றாவது, அதுவே மோசமானதும். 1948-ல் சிகாகோவின் ஒரு நாளிதழ், முடிவு வரும் முன்பே டூயி அமெரிக்க அதிபர் தேர்தலில் ட்ரூமனைத் தோற்கடித்தார் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டது. ஜெயித்த ட்ரூமன் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படத்துக்கு இன்றும் கிராக்கி. நாமே ஒரு கற்பனைச் செய்தி எழுதினால், அது கற்பனை என்பதை அந்த வாக்கியத்துக்குள்ளேயே காட்டிவிட வேண்டும். அடியில் குறிப்பாகப் போட்டால் போதாது. மறுபகிர்வு செய்கிறவர் அடியை வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார். தப்பு வந்துவிட்டால் அடுத்த வாரம் முதல் வரியிலேயே திருத்தம், ஒரே வாக்கியத்தில். மூன்று வரி விளக்கம் சொன்னால் தப்பைவிட விளக்கம்தான் பேசப்படும்.

ஒன்றுமே சிக்காத வாரமும் உண்டு. 1930 ஏப்ரல் 18, புனித வெள்ளி மாலை, பிபிசி வானொலி இன்று செய்தி ஏதும் இல்லை என்று அறிவித்துவிட்டு பியானோ இசை போட்டது. அந்தத் தைரியம் நமக்கும் வேண்டும். மூன்றுக்கு இரண்டே தேறினால் இரண்டு போதும்.

குடும்பப் பகுதிக்குத்தான் மொத்த நேரத்தில் பாதியை ஒதுக்க வேண்டும். இங்கே வரும் தகராறு பலவற்றுக்கும் மூலம் மூன்றே: அளவு, தேதி, அனுமதி.

"இங்கே 40 டிகிரி" என்று ஒருவர் எழுதுகிறார். செல்சியஸ் என்றால் ரோட்டில் தார் உருகுகிறது. ஃபாரன்ஹீட் என்றால் அது வெறும் 4.4 செல்சியஸ், அவர் குல்லாய்க்குள் நடுங்குகிறார். விசிறி அனுப்பவா, கம்பளி அனுப்பவா என்பது ஓர் எழுத்தில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் எடையையும் இரண்டு கணக்கிலும் போடுங்கள்: 3.2 கிலோ, அதாவது 7 பவுண்டு 1 அவுன்ஸ். "7" என்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கிலோ என்று நினைத்துக்கொள்ளும் பெரியம்மாவுக்குப் படபடப்பு வரக் கூடாது. பிறந்தநாளை 3/4 என்று எழுதினால் லண்டன்காரருக்கு ஏப்ரல் 3, நியூயார்க்காரருக்கு மார்ச் 4. ஒருவர் வாழ்த்து ஒரு மாதம் முந்தியோ பிந்தியோ வரும். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிட்டால் இந்த வம்பே இல்லை. "அடுத்த வெள்ளி" என்ற சொல்லைத் தடையே செய்யலாம்.

நேரம் இன்னும் பொல்லாதது. அமெரிக்கா, கனடா இரண்டின் பெரும்பகுதியிலும் கடிகாரத்தை மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னே தள்ளுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. அதனால் வசந்தத்தில் இரண்டு மூன்று வாரமும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடைவெளி ஐந்துக்குப் பதில் நாலு மணி நேரம். சிட்னியில் எல்லாம் தலைகீழ்: அக்டோபர் முதல் ஞாயிறு தொடக்கம், ஏப்ரல் முதல் ஞாயிறு முடிவு. சிங்கப்பூரும் துபாயும் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை, "நாங்கள் அசையவே இல்லையே, ஏன் யாரையும் காணோம்?" என்று காலியான திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். குடும்ப அழைப்பு நேரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் ஒரு தடவையும், கூப்பிடுகிறவர் ஊர்க் கணக்கில் ஒரு தடவையும் கொடுங்கள். கதம்பம் போக நல்ல நேரம் சனிக்கிழமை யூடிசி 12 மணி. ஜனவரியில் அது டொராண்டோவில் காலை 7, துபாயில் மாலை 4, சிங்கப்பூரில் இரவு 8. சிட்னியில் இரவு 11. அங்கே உள்ளவர்கள் மன்னிக்க வேண்டும், பூமி உருண்டை.

அனுமதி விஷயத்தில் சோதனை ஒன்றே: யாரைப் பற்றிய துணுக்கோ அவருக்கே முதலில் வாசித்துக் காட்டுங்கள். சிரித்தால் போடலாம். "போட்டுக்கோங்க, எனக்கென்ன" என்றால் போடக் கூடாது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்தில் ஒப்புதல் வேண்டும், அதையும் வெள்ளி இரவு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். மதிப்பெண், வேலை இழப்பு, வரன் பேச்சு மூன்றும் கதம்பத்துக்குள் வரக் கூடாதவை. குழந்தை பிறந்த செய்தியானால், பாட்டிக்குத் தொலைபேசி போய்விட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். குழுவில் படித்துத் தெரிந்துகொண்ட பாட்டியைச் சமாதானப்படுத்தும் வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பயணச் செய்தி, திரும்பி வந்த பிறகு. போகும் முன்பே போட்டால் வீடு பூட்டியிருக்கிறது என்று தண்டோரா போட்ட மாதிரி. நோயும் இழப்பும் தனி மடலில், தனித் தலைப்பில். இழப்பு நேர்ந்த வாரம் கதம்பத்துக்கு விடுமுறை.

இத்தனை தடையும் போக மிஞ்சுவது என்ன? குழந்தைகள். நாலு முதல் ஏழு வயது வரை விளைச்சல் அமோகம். வயதைக் கட்டாயம் எழுதுங்கள். அதே வாக்கியத்தை நாலு வயதில் சொன்னால் துணுக்கு, பதினாலில் சொன்னால் தகராறு. அவர்கள் இலக்கணத்தைத் திருத்தாதீர்கள். இப்படி: "தாத்தா எப்போதும் காணொளியில் நெற்றியை மட்டும் காட்டுவதால், தாத்தாவுக்கு முகம் எப்போ வளரும் என்று நாலு வயதுக்காரர் ஒருவர் கேட்கிறார்." இதற்குப் பின்னால் மூன்று ஆச்சரியக்குறியும் அழுது சிரிக்கும் உருவமும் எதற்கு?

மாமியார் ஜோக்குக்கும் கணவன் மனைவி ஜோக்குக்கும் ஓய்வூதியம் கொடுத்து அனுப்பிவிடலாம், நிறைய உழைத்துவிட்டன. யாரையாவது கிண்டல் செய்தே ஆக வேண்டுமானால் எழுதுகிறவர் தம்மையே செய்துகொள்ளலாம். அடுத்த பாதுகாப்பான இலக்கு அச்சுப்பொறி.

விளையாட்டைக் கடைசியில் வையுங்கள். ஆட்டத்தைப் பதிவு செய்துவைத்து ஞாயிறு பார்க்கலாம் என்றிருப்பவர் அதற்கு முன்பே மடலை மூடிவிடுவார். பொருள் வரியில் ஸ்கோர் கூடவே கூடாது. மடலின் முதல் இரண்டு வரியிலும் கூடாது. கைப்பேசி அறிவிப்பில் அவைதான் எட்டிப்பார்க்கும். கிரிக்கெட் ஸ்கோரை எழுதும் முறையையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் 245/3 என்று எழுதுவதை ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் 3/245 என்று எழுதுவார்கள். இரண்டும் ஒரே துணுக்கில் வந்தால் எந்த அணிக்கு அழுவது என்று தெரியாது.

விளையாட்டுத் துணுக்கில் தமிழ் நமக்குச் செய்யும் உதவி ஒன்று உண்டு. வாக்கியத்தின் முடிவு வரை விஷயத்தை மூடி வைக்கலாம். 1939 டர்பன் டெஸ்ட்டை "பத்து நாள் நீண்டும் டிரா ஆன ஆட்டம்" என்று தொடங்கினால் எல்லாம் முதல் வரியிலேயே சிந்திவிட்டது. இப்படி எழுதிப் பாருங்கள்: "எத்தனை நாள் ஆனாலும் முடிவு தெரியும் வரை ஆடுவது என்று தொடங்கி, 696 என்ற இலக்கைத் துரத்தி, ஐந்து விக்கெட்டுக்கு 654 வரை வந்து, இன்னும் 42 ஓட்டம் பாக்கி இருக்கையில், இங்கிலாந்து அணிக்குக் கப்பலைப் பிடிக்க நேரமாகிவிட்டது." கப்பல் கடைசியில் வர வேண்டும். முன்னால் வந்துவிட்டால் வெறும் பயணக் குறிப்பு.

மிகைப்படுத்தல் கூடாது என்பதற்கு 1975 உலகக் கோப்பையின் முதல் நாள் ஆட்டம் போதும். இங்கிலாந்து 60 ஓவரில் 334/4. பதிலுக்கு இந்தியாவின் கவாஸ்கர் 60 ஓவரும் நின்று 174 பந்தில் ஆட்டமிழக்காமல் 36. "ஆமை வேகத்தில்", "மைதானமே குறட்டை விட்டது" என்று எதைச் சேர்த்தாலும் அந்த இரண்டு எண்ணின் பக்கத்தில் நிற்க முடியாது. இரட்டைத் துணுக்கு வேண்டுமானால் 2010 விம்பிள்டன் இருக்கிறது: டென்னிஸ் ஆட்டக்காரர்கள் இஸ்னரும் மஹுவும் மூன்று நாளில் 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள், கடைசி செட் 70-68, ஸ்கோர் பலகை 47-47-லேயே களைத்து நின்றுவிட்டது. இங்கே புள்ளி வைத்து, ஒரு வரி இடைவெளி விட்டு, பிறகு எழுதுங்கள்: ஜெயித்த இஸ்னர் அடுத்த சுற்றில் 74 நிமிடத்தில் தோற்றார்.

இனி அனுப்பும் வேலை. மடலில் இணைக்கும் படம், எழுத்துக் குறிகளாக மாற்றி அனுப்பப்படுவதால், மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும்; 20 எம்பி என்று நிம்மதியாக அனுப்பியது 27 எம்பி ஆகி, 25 எம்பி வரம்பில் முட்டித் திரும்பும். ஒரு படத்துக்கு 500 கேபி தாராளம். பெறுநர்களை மறைநகலில் (பிசிசி) போட்டு அனுப்புங்கள். குழு முகவரி வழியாகப் போனால், பதில்கள் கதம்பம் எழுதியவருக்கு மட்டும் போகும்படி அமைப்பில் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாழ்த்துக்கு நாற்பது "வாழ்த்துகள்", அதற்கு நாற்பது "நன்றி", பிறகு "தயவுசெய்து எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்" என்று எல்லோருக்கும் ஒரு பதில்.

துணுக்கு அனுப்புகிறவர்கள் வியாழன் யூடிசி 18 மணிக்குள் அனுப்புங்கள். பிந்தினால் அடுத்த வாரம். பொருள் வரியில் "துணுக்கு" என்று மட்டும் இருக்கட்டும். ஸ்கோர் வேண்டாம்.