பழைய வாடிக்கையாளர் என்றால் வீட்டுக் கடன் வட்டி குறையுமா?

செம்பூர்வாசி:
சம்பளக் கணக்கு, எஃப்டி, வீட்டுக் கடன் எல்லாம் ஒரே வங்கியில்தான். கடன் பாக்கி 42 லட்சம், இன்னும் 16 வருடம், வட்டி 8.65. புதிதாக வருகிறவர்களுக்கு அதே வங்கி 7.90 என்று வாசலில் போர்டு வைத்திருக்கிறது. பழைய ஆள் என்று கேட்டால் குறைப்பார்களா, வேறு வங்கிக்கு மாற்றுவதுதான் வழியா? ஃப்ளாட் மும்பை செம்பூரில், ஹவுசிங் சொசைட்டி.

முலுண்ட் மாமா:
பழகிய முகத்துக்கு டாப்-அப் கடன் (இருக்கும் கடனுக்கு மேல் கூடுதல் கடன்) சீக்கிரம் கிடைக்கும், ஃபீஸில் கொஞ்சம் தள்ளுபடி கிடைக்கும். வட்டி தானாகக் குறையாது. கிளம்பப் போகிறான் என்று தெரிந்தால்தான் குறையும்.

கணக்குப்பிள்ளை:
மாமா சொல்வது சரி. காரணம் ஸ்ப்ரெட், அதாவது ரெப்போவுக்கு (ஆர்பிஐ வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) மேல் வங்கி கூட்டும் சதவீதம். ரெப்போ 5.25 என்று வைத்தால் உங்கள் ஸ்ப்ரெட் 3.40, புது ஆளுக்கு 2.65. ரெப்போ ஏறி இறங்குவது இருவருக்கும் ஒன்றுதான். ஸ்ப்ரெட் மட்டும் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு உள்ளதே தொடர்கிறது.

ஸ்ப்ரெட்டில் ரிஸ்க்குக்கான பங்கு, உங்கள் கடன் தகுதி கணிசமாக மாறினால்தான் மாறும். மற்ற பங்கை 3 வருடத்துக்கு ஒருமுறைதான் தொடலாம் என்று இருந்தது. 2025 அக்டோபர் 1 முதல், கடன் வாங்கியவருக்குச் சாதகமாக என்றால் அதற்கு முன்பே குறைக்கலாம் என்று ஆர்பிஐ தளர்த்திவிட்டது. அதனால் கிளையில் "ரூல் இடம் கொடுக்காது சார்" என்றால் நம்ப வேண்டாம். இடம் கொடுக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

சாங்ஷன் லெட்டரை (கடன் அனுமதிக் கடிதம்) எடுத்துப் பாருங்கள். 2019 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன் என்றால் இன்னும் எம்சிஎல்ஆரிலேயே (வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே நிர்ணயிக்கும் அடிப்படை வட்டி) கிடக்கலாம். அப்படியானால் முதலில் ரெப்போவுக்கு மாற்றச் சொல்லுங்கள், ஒருமுறை கன்வர்ஷன் ஃபீஸ் கேட்பார்கள். கடன் வங்கியில் இல்லாமல் ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில் என்றால் இந்த ரெப்போ விதியே பொருந்தாது.

கேட்கும் முறை: சிபில் ரிப்போர்ட்டை (உங்கள் கடன் வரலாறு) எடுத்து வையுங்கள். இன்னொரு வங்கியின் ஆஃபரை எழுத்தில் வாங்குங்கள். பிறகு ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட்டும் (கடனை மொத்தமாக முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு), அவர்களிடம் உள்ள பத்திரங்களின் பட்டியலும் வேண்டும் என்று மெயில் போடுங்கள். வட்டியைக் குறைக்கச் சொல்லும் மெயிலுக்கு வராத பதில் இதற்கு வரும்.

அந்தேரி ஆடிட்டர்:
பலர் கோட்டைவிடும் இடம் வேறு. வட்டி 7.90 ஆனால் இஎம்ஐ 40,465-இலிருந்து சுமார் 38,600 ஆகும், 16 வருடத்தில் மிச்சம் ஏறக்குறைய 3.58 லட்சம். இஎம்ஐயைத் தொடாமல் 40,465-ஏ கட்டினால் கடன் 16, 17 மாதம் முன்னதாக முடியும், மிச்சம் 6.7 லட்சத்துக்கு மேல். எது வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மாற்றும்போது புது வங்கி சத்தமில்லாமல் மறுபடி 20 வருடம் போட்டுவிட்டால் வட்டி குறைந்தும் நஷ்டம்தான்.

ஃப்ளோட்டிங் (ஏறி இறங்கும்) வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முடிக்க அபராதம் கிடையாது. ஆனால் மாற்றும் செலவு உண்டு: பிராசஸிங் ஃபீஸ், லீகல், வேல்யுவேஷன், ஸ்டாம்ப் டியூட்டி, நோட்டீஸ் ஆஃப் இன்டிமேஷன் (அடமானத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது). கடைசியில் சொன்னது மகாராஷ்டிராவில் 30 நாளுக்குள் பதிவாக வேண்டும். இதோடு இன்ஷூரன்ஸ் பாலிசியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது இல்லாமல் வட்டி எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

செம்பூர்வாசி:
நன்றி சார். சொசைட்டி தந்த ஷேர் சர்டிஃபிகேட் (உறுப்பினர் பங்குப் பத்திரம்) பழைய வங்கியிடம் இருக்கிறது. மாற்றினால் சொசைட்டியிடம் எப்போது போக வேண்டும்?

அந்தேரி ஆடிட்டர்:
உடனே. புது வங்கி சொசைட்டி என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கேட்டால், கமிட்டி கூடும்வரை அது வராது. அதற்குள் ஆஃபர் காலாவதியாகிவிடும். புது வங்கி செக் எழுதிய நாளிலிருந்து அங்கே வட்டி ஓடும், பழைய வங்கியில் அது வரவாகும்வரை இங்கேயும் ஓடும். செக்கை நீங்களே கையில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்குங்கள். பழைய என்ஏசிஹெச் மாண்டேட்டை (கணக்கிலிருந்து இஎம்ஐ தானாக எடுக்கக் கொடுத்த அனுமதி) ரத்து செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த 5-ஆம் தேதி இரண்டு இஎம்ஐ போகும். கடன் முடிந்த 30 நாளுக்குள் பத்திரங்கள் வர வேண்டும், வங்கி தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.