பிரதான ஆசாரியனின் காலில் கயிறு இருந்ததா?

பெரேயா வாசகன்:
யூதர்கள் ஆண்டுக்கொருமுறை அனுசரித்த பாவநிவாரண நாளில், பிரதான ஆசாரியன் காலில் கயிற்றோடு, எருசலேம் ஆலயத்தில் திரைக்குப் பின்னாலிருந்த மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போவானாம். அங்கியின் மணியோசை நின்றுவிட்டால், செத்துவிட்டான் என்று வெளியிலிருந்து இழுப்பார்களாம். நம் சபைகளில் இதைக் கேட்காதவர் இல்லை. வசனம் எங்கே? யாராவது காட்டுங்கள்.

ஏலிம் பனை:
யாத்திராகமம் 28-ஐ வாசியுங்கள், சகோதரரே. நீல அங்கியின் கீழோரத்தில் பொன்மணியும் மாதளம்பழமும் மாறிமாறித் தொங்கும். அவன் சாகாதபடிக்கு அந்தச் சத்தம் கேட்கப்பட வேண்டும் என்று 35-ஆம் வசனத்திலேயே இருக்கிறது. வேறு யாரும் உள்ளே போகக் கூடாதென்றால், செத்தவனை எப்படி எடுப்பது?

பெரேயா வாசகன்:
மணி இருந்தது, யார் மறுத்தார்கள்? திரைக்குள் போகும்போது அந்த அங்கியே அவன் உடம்பில் இல்லை! லேவியராகமம் 16:4 பாருங்கள்: சணல்நூல் சட்டை, சல்லடம், இடைக்கச்சை, பாகை. அவ்வளவுதான். ஏபோத் என்ற மேலாடை கிடையாது, 12 கற்கள் பதித்த மார்ப்பதக்கம் கிடையாது. மணியே இல்லாதபோது எந்த ஓசை நின்றதென்று கயிற்றை இழுத்தார்கள்?

ஏலிம் பனை:
அதே நாளில் மணி தொங்கும் அந்தப் பொன்னுடையும் உடுத்தினானே. ஐந்து முறை முழுகி உடை மாற்றினான் என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், அந்த நாளைப் பற்றிய யோமா பகுதி சொல்கிறது. கயிறும் யூத மரபில் உண்டு. சோஹார் என்ற யூத மறைஞான நூலில் இருக்கிறது.

பெரேயா வாசகன்:
பொன்னுடை மற்றப் பணிவிடைகளுக்கு. சோஹார் 13-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வெளிவந்தது. ஆலயம் எரிந்ததோ கி.பி. 70-இல். வலக்கையில் நெருப்புத் தட்டு, இடக்கையில் தூபவர்க்கக் கரண்டி என்பதுவரை எழுதிவைத்த யோமா, காலில் கிடந்த கயிற்றை மட்டும் விட்டுவிட்டதா?

ஏலிம் பனை:
திரையை விட்டு வந்தபின் ஜெபத்தை நீட்டக் கூடாது, ஜனங்கள் கலங்கிவிடுவார்கள் என்பதும் அதே யோமாதான். அந்த அளவுக்குப் பயந்தவர்கள் ஓர் ஏற்பாடும் செய்திருப்பார்கள்.

தோல்சுருள்:
இருவரும் கயிற்றிலேயே தொங்குகிறீர்கள். பிரதான ஆசாரியனின் உடைக்காக நடந்த உண்மையான இழுபறியை, முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். ரோமர்கள் அதை ஆலயத்தை ஒட்டிய அந்தோனியா கோட்டையில் பூட்டி வைத்திருந்தார்கள். பண்டிகைக்கு முன் வாங்கி, முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆண்டவன் சந்நிதியில் உடுத்துவதற்கு அந்நியனிடம் அனுமதி! இதை எந்தப் பிரசங்கியார் தொடுகிறார்?

பெரேயா வாசகன்:
அதைத் தனி விவாதமாகத் தொடங்குங்கள், நானும் வருகிறேன். ஏலிம் பனை ஐயா, "செய்திருப்பார்கள்" என்பதெல்லாம் வசனமாகாது.

ஏலிம் பனை:
வசனம் என்றா சொன்னேன்? மரபு என்றேன். வரும் ஞாயிறும் அப்படித்தான் சொல்வேன்.