மறு: ‘நேரேட்டிவ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

நிகழ்வுகளை ஒரு தரப்பு தன் நோக்கத்துக்கு ஏற்ப ஒன்றாக இணைத்துச் சொல்வதை ஆங்கிலத்தில் ‘நேரேட்டிவ்’ (narrative) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். கதையாடல், எடுத்துரைப்பு, கட்டுக்கதை, பரப்புரை என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. குவைத்தைப் பிடித்த இராக்மீது அமெரிக்கா தலைமையில் நடந்த 1990-91 வளைகுடாப் போர் பற்றிய சில கட்டுரைகளை இப்போது மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் ‘நேரேட்டிவ்’ அடிக்கடி வருகிறது. நான்கையும் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றும் உட்காரவில்லை.

> ஆட்சியாளர்கள் கட்டிவிடும் பொய்தானே? ‘கட்டுக்கதை’ என்றால் எல்லோருக்கும் புரியுமே.

புரியும் ஐயா. ஆனால் தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. நய்யிரா விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். 1990 அக்டோபர் 10 அன்று வாஷிங்டனில், அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலரின் மனித உரிமைக் குழு முன்பு நய்யிரா என்ற 15 வயதுப் பெண் ஒருத்தி அழுதபடி பேசினாள். குவைத் மருத்துவமனையில் இராக்கியப் படையினர் இன்குபேட்டரில் இருந்த குழந்தைகளை வெளியே எடுத்துத் தரையில் சாகவிட்டதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். முழுப்பெயரை வெளியிடவில்லை. குவைத்தில் உள்ள அவள் குடும்பத்தின் பாதுகாப்புக்காக என்று காரணம் கூறப்பட்டது. அதிபர் புஷ் அடுத்த மாதங்களில் பல மேடைகளில் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். 1991 ஜனவரி 12 அன்று செனட் 52–47 என்ற வாக்கில் போருக்கு அனுமதி தந்தது. அதற்கு ஓராண்டு கழித்துத்தான் அந்தப் பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது வெளிவந்தது. அவள் சாட்சியத்துக்கு ஏற்பாடு செய்தது ஹில் அண்ட் நோல்ட்டன் என்ற மக்கள்தொடர்பு நிறுவனம். அதற்குச் சம்பளம் கொடுத்த அமைப்புக்குப் பணம் கிட்டத்தட்ட முழுதும் குவைத் அரசிடமிருந்து வந்தது.

இன்குபேட்டர் கதைக்குப் பின்னர் ஆதாரம் கிடைக்கவில்லை. அதைக் கட்டுக்கதை என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் இராக் குவைத்துக்குள் நுழைந்தது உண்மை. அங்கே கொலையும் சித்திரவதையும் நடந்ததும் உண்மை. இத்தனை உண்மைகளோடு ஒரு பொய்யும் சேர்ந்த முழுச் சரத்தைத்தான் ‘நேரேட்டிவ்’ என்கிறார்கள். மொத்தத்தையும் கட்டுக்கதை என்று எழுதினால் குவைத்தில் செத்தவர்களையும் பொய்யாக்கிவிடுகிறோம். மொழிபெயர்ப்பாளனாக என்னால் அதைச் செய்ய முடியாது.

பொய்யே கலக்காமலும் இது நடக்கும், அதுதான் எனக்கு முக்கியம். 1988 மார்ச் 16 அன்று இராக்கில் குர்து இன மக்கள் வாழும் ஹலப்ஜா என்ற ஊரின்மேல் இராக் அதிபர் சதாமின் படை நச்சுவாயு வீசியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அப்போது இராக் ஈரானோடு போரில் இருந்தது, வாஷிங்டன் இராக் பக்கம் சாய்ந்திருந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறை கண்டனம் தெரிவித்த கையோடு, ஈரானும் வாயுக்குண்டு பயன்படுத்தியிருக்கலாம் என்று ஒரு வரியையும் சேர்த்துவிட்டது. 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பேசினார். அதே 1988 நச்சுவாயு, அதே குர்து மக்கள், இறந்தவர்கள் 5,000 பேர் என்ற கணக்கு. இப்போது அது சதாமின் மாபெரும் கொடுமை, ஈரானைப் பற்றிய பேச்சே இல்லை. நடந்த நிகழ்வு ஒன்றுதான். எதற்குப் பக்கத்தில் அதை வைத்தார்கள் என்பதுதான் 15 ஆண்டில் மாறியது.

ஆகவே சொல் ‘பொய்’ என்ற இடத்தில் பிறக்கக்கூடாது, ‘கோத்தல்’ என்ற இடத்தில் பிறக்கவேண்டும் என்று நினைக்கிறேன். என் பரிந்துரை கோப்புரை. கோப்பு + உரை. பரப்பு + உரை பரப்புரை ஆனதுபோலத்தான். பரப்புவது ஒரு செயல். எதைப் பரப்புகிறார்களோ அது கோப்புரை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது வேறுபாடு தானாகத் தெரிகிறது: ‘போருக்கு முந்தைய பரப்புரை முழுக்க ஒரே கோப்புரையைச் சுற்றி நடந்தது.’ வினையாக ‘கோத்துரைத்தல்’, எதிர்ப்பக்கத்துக்கு ‘எதிர்க்கோப்புரை’ என்று வளர்த்துக்கொள்ளலாம். (உண்மையில் ‘கட்டுரை’ இதற்கு அழகாகப் பொருந்தியிருக்கும். பள்ளிக்கூட நோட்டுக்கு அதை எப்போதோ கொடுத்துவிட்டோம்.)

> கோப்பு என்றால் ஃபைல் என்றுதானே படிப்பார்கள்?

முதல் தடவை அப்படித் தோன்றலாம். ஆனால் அலுவலகக் கோப்பும் தாளில் துளைபோட்டு நூலில் கோத்து வைப்பதுதானே? வேர் ஒன்றுதான். நாலு இடத்தில் படித்தால் பழகிவிடும்.

‘கதையாடல்’ இலக்கியத் திறனாய்வில் நன்றாக வேரூன்றிய சொல், அதை அங்கேயே விடுவோம். ‘எடுத்துரைப்பு’ மிகப் பொதுவாக இருக்கிறது. பாட்டி பேரனுக்குக் கதை சொல்வதும் எடுத்துரைப்புதான்.

> வல்லரசு மட்டுமா செய்கிறது? சின்ன நாடுகளும் கட்சிகளும் செய்வதில்லையா?

நல்ல கேள்வி அம்மா. எல்லோரும் கோக்கத்தான் செய்கிறார்கள். குவைத் சின்ன நாடுதான், ஆனால் அது எங்கே போய் நிறுவனம் அமர்த்தியது என்று பாருங்கள். போரை முடிவு செய்யும் ஊருக்குப் போனது. 1988இல் குர்துகளிடம் மணிகள், அதாவது நடந்த நிகழ்வுகள், இருந்தன. அவற்றைக் கோக்கும் நூல் இல்லை. அது வேறொருவர் கையில் இருந்தது. எனவே சொல்லுக்குள் ‘வல்லரசு’ வேண்டாம், தேவைப்பட்டால் அடைமொழியாகப் போடலாம்: வல்லரசுக் கோப்புரை.

சொல் ஒரே பக்கத்துக்கு மட்டும் பொருந்துகிறதா என்றும் பார்த்தேன். எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம் ஃபோர்ட் டெட்ரிக் ஆய்வகத்தில் உருவாக்கியது என்று 1983இல் டெல்லியின் ‘பேட்ரியாட்’ நாளிதழில் பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது. 1985இல் ஒரு சோவியத் வார இதழ் அந்த இந்தியப் பத்திரிகையையே சான்றாகக் காட்டி எழுதியது. அங்கிருந்து பல நாடுகளுக்கும் பரவியது. சோவியத் உளவுத்துறையின் வேலை அது என்பதை 1992இல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் பிரிமகோவே ஒப்புக்கொண்டார். ஃபோர்ட் டெட்ரிக்கில் 1969 வரை கிருமி ஆயுத ஆய்வு நடந்தது நிஜம், அதன் பக்கத்தில்தான் இந்தப் பொய்யைக் கோத்தார்கள். ‘சோவியத் கோப்புரை’ என்று எழுதிப் பார்த்தேன், சரியாகவே இருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். பன்மையில் ‘கோப்புரைகள்’ என்னும்போது நாக்கு கொஞ்சம் இடறுகிறதோ என்று தோன்றுகிறது. சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு யாராவது சொல்லுங்கள். கட்டுரைகளை ஞாயிற்றுக்கிழமை ஆசிரியருக்கு அனுப்பவேண்டும், அதற்குள் தெரிந்தால் நல்லது.

அன்புடன்.