ஃப்ளாட்டுக்குத் ‘தட்டி’ போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாடகச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில், மேடையில் காட்சிப் பின்னணியாக நிறுத்தும் ‘ஃப்ளாட்’டுக்குத் ‘தட்டைச் சட்டகம்’ என்று முன்வைத்திருக்கிறீர்கள், ஐயா. பொருள் சரி. ஆனால் ஒத்திகையில் ‘அந்தத் தட்டைச் சட்டகத்தை இடப்பக்கம் தள்ளுப்பா’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் பரிந்துரை ‘தட்டி’.

ரீப்பர்களை, அதாவது மெல்லிய மரச்சட்டங்களை, எட்டடிக்கு நாலடி சட்டமாக அடித்து, மூலைக்கு மூலை முக்கோண ப்ளைவுட் துண்டு வைத்து, காடாத் துணியை இழுத்து ஒட்டி, சுவராகவோ காடாகவோ வண்ணம் பூசினால் அது ஃப்ளாட். தேர்தலுக்கும் திருவிழாவுக்கும் தெருமுனையில் நின்ற தட்டியும் இதே வேலைப்பாடுதான். கோத்தகிரியில் எங்கள் குழுவுக்கு முதல் ஃப்ளாட் செய்து தந்தவர் தட்டி எழுதிப் பழகிய ஓவியர். நான் தாளில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே ‘தட்டிதானே சார்?’ என்று கேட்டுவிட்டு ரீப்பரை அளக்கத் தொடங்கினார். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

‘தட்டி விழுந்தது’ என்றால் தடுக்கி விழுந்ததா, தட்டியே விழுந்ததா என்று ஒரு தோழி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எழுத்தில் முதல்முறை ‘காட்சித் தட்டி’ என்போம். அப்புறம் வெறும் ‘தட்டி’ போதும். கதவு வைத்தது கதவுத் தட்டி, சன்னல் வைத்தது சன்னல் தட்டி.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. மலையில் துணி சொன்னபடி கேட்காது. மைதாப் பசை பூசி மத்தியானம் விறைப்பாக நின்ற துணி, சாயங்காலம் மஞ்சு (மூடுபனி) இறங்கியதும் தொய்ந்துவிடும். பசையில் மயில்துத்தம் கலந்தால் பூசணம் குறைகிறது, தொய்வு குறையவில்லை. அதனால் தேயிலைத் தோட்டத்து ஓரங்களில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியை வெட்டி, குச்சிகளை வேகவைத்துத் தோலுரித்து, சட்டத்தில் பின்னிவிடுகிறோம். கூலி தவிர செலவில்லை. பின்னால் ஒரு விளக்கு வைத்தால் நடிகரின் முகத்தில் நிழல் கோடு கோடாக விழும். துணியில் அந்த அழகு வராது. இதைத் தட்டி என்பது பொருந்தாது. ஆட்டுப்பட்டி வாசலை அடைக்கிறோமே, அந்தப் ‘படல்’தான் இது. துணி போர்த்தினால் தட்டி, குச்சி பின்னினால் படல் என்று பிரித்துக்கொள்ளலாம்.

தட்டி விழாமல் பின்னால் சாய்த்துத் தாங்கும் கட்டைக்குப் பட்டியலில் ‘முட்டு’ என்று எழுதியிருக்கிறேன். ‘உதைகால்’ வேண்டும் என்பவர்கள் காரணம் எழுதுங்கள்.