இலவசமாகப் பாடம் போட்டுக்கொண்டே சம்பாதிக்க முடியுமா?

ஊசிநூல்:
வணக்கம். நான்கு வருடமாக பிளவுஸ் கட்டிங் பாடங்களை என் வலைப்பூவில் இலவசமாகப் போட்டு வருகிறேன். சாதா பிளவுஸ், கட்டோரி, பிரின்சஸ் கட் என்று இதுவரை 140 பாடம். பழுப்புத் தாளில் வரைந்து, அளவு குறித்து, படம் எடுத்துப் போடவே ஒரு பாடத்துக்கு ஒரு நாள் போய்விடும். விளம்பரத்தில் வருகிற காசு நெட் பில் கட்டத்தான் சரியாக இருக்கிறது. போன மாதம் யாரோ என் படங்களை எல்லாம் தொகுத்து 99 ரூபாய்க்கு பிடிஎஃப்பாக விற்பதைப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது. எல்லாவற்றையும் பூட்டிவிட்டுக் கட்டணம் வைக்கலாமா? இல்லை, இலவசமாகக் கொடுத்தும் பிழைக்க வழி உண்டா?

கரிசல்:
பூட்டாதீர்கள் சகோதரி. உங்களைத் தேடி வருகிறவர்கள் எல்லாம் அந்த 140 பாடத்தைப் பார்த்துத்தான் வருகிறார்கள். ஆனால் விளம்பரத்தை நம்பவேண்டாம். 2018இல் தமிழ்த் தளங்களுக்கு ஆட்சென்ஸ் என்கிற கூகுள் விளம்பரச் சேவை வந்தபோது நானும் பெரிதாக எதிர்பார்த்தேன். அது லட்சக்கணக்கில் பார்வை விழுகிற தளத்துக்குத்தான் கட்டுபடியாகும், நம்மைப் போல சில ஆயிரம் பேர் படிக்கிற இடத்துக்கு இல்லை. எழுத்தாளர் ஜெயமோகனைப் பாருங்கள், 2014இல் தொடங்கி 2020 வரை வெண்முரசு என்கிற மகாபாரத நாவல் வரிசையை நாள்தோறும் தன் தளத்தில் இலவசமாகவே போட்டார். அதே நாவல்கள் கெட்டி அட்டைச் செம்பதிப்பாக முன்பதிவிலும் விற்றன. ஏற்கெனவே திரையில் படித்து முடித்தவர்களே அலமாரியில் வைத்துக்கொள்ள வாங்கினார்கள்.

கணக்குப்பிள்ளை:
அவருக்கு முன்பே பெயர் இருந்தது, அதையும் சொல்லுங்கள். லண்டன் கார்டியன் பத்திரிகையும் பூட்டுப் போடாமல் வாசகர்களிடம் பணம் கேட்டு, செலவையும் குறைத்து, 2018-19இல்தான் நஷ்டத்திலிருந்து மேலே வந்தது. உலகம் முழுக்க வாசகர் இருப்பதால் நூற்றில் ஒருவர் கொடுத்தாலும் அவர்களுக்குப் போதும். நமக்கு அது தாங்காது. அப்புறம் ஒரு எச்சரிக்கை. அமேசான் கிண்டிலில் மின்புத்தகமாகப் போட நினைத்தால், அவர்களுக்கு மட்டுமே என்று எழுதிக்கொடுக்கிற கேடிபி செலக்ட் திட்டத்தில் சேராதீர்கள். சேர்ந்தால் அந்தப் பாடங்கள் இணையத்தில் வேறெங்கும் இருக்கக்கூடாது, உங்கள் வலைப்பூவிலிருந்தும் எடுக்கவேண்டி வரும். சேராமலும் கிண்டிலில் விற்கலாம்.

ராஜி:
அக்கா, நான் உங்கள் பாடம் பார்த்துத்தான் தைக்கக் கற்றுக்கொண்டேன். அந்த 99 ரூபாய் பிடிஎஃப்பையும் உங்களுடையது என்று நினைத்து வாங்கினேன், மன்னித்துக்கொள்ளுங்கள். அதை ஏ4 தாளில் பிரிண்ட் போட்டால் அளவு சுருங்கி வருகிறது, வெட்டின துணி வீணாகப் போனது. 32, 34, 36 என்று முழு அளவில் தாளில் வெட்டிய பேட்டர்னை நீங்களே கூரியரில் அனுப்பினால் இன்றைக்கே பணம் போடுகிறேன்.

இன்னொன்று, எனக்கு எப்போதும் முன்பக்க ஆம்ஹோலில், அதாவது கை வைத்துத் தைக்கிற வளைவில், சுருக்கம் விழும். ஆறு மாதம் தவித்தேன். கமெண்டில் போட்டோ போட்டதும் நீங்கள் பார்த்துவிட்டு, முன்பக்கத்தைப் பின்பக்கத்தைவிட அரை இஞ்ச் உள்ளே வளைத்து வெட்டச் சொன்னீர்கள். அன்றோடு சரியானது. அதைப் போல ஒரு பிளவுஸைப் பார்த்துத் தப்புச் சொல்வதற்கு நான் 200 ரூபாய் தாராளமாகக் கொடுப்பேன், அதை யாராலும் நகல் எடுத்து விற்கமுடியாது.

கரிசல்:
ராஜி சொன்னதுதான் என் எண்ணமும். பாடம் இலவசமாகவே இருக்கட்டும், உங்கள் கையும் கண்ணும் வேண்டியவர்கள் காசு கொடுக்கட்டும்.

ஊசிநூல்:
ராஜி, மன்னிப்பெல்லாம் எதற்கும்மா. போட்டோவுக்குப் பதில் சொல்வதைப் பழக்கத்தில் செய்துகொண்டிருந்தேன், அதற்குக் காசு வாங்கலாம் என்று தோன்றவே இல்லை. சரி, பாடங்களில் கை வைக்கவில்லை. முதலில் 34, 36 இரண்டு அளவில் மட்டும் பத்துப் பத்து பேட்டர்ன் வெட்டிப் பார்க்கிறேன். பழுப்புத் தாளை மடித்து அனுப்பினால் மடிப்பில் கிழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சுருட்டிக் குழாயில் போட்டு அனுப்ப கூரியரில் எவ்வளவு ஆகும், யாருக்காவது தெரியுமா?