‘டீ வித் முசோலினி’: லூக்காவை வளர்த்தது யாரு?

மாடிவீட்டு மைனர்: முசோலினி காலத்து ஃப்ளாரன்ஸ்ல, இங்கிலீஷ் கிழவிங்க நடுவுல வளர்ற லூக்காங்கற பையனோட கதை இது. 1999ல வந்த இந்தப் படத்தைப் பத்தி ஒரு மேதாவி எழுதியிருக்கார்: “பையனை வளர்த்தது நடிகை ஷேர்தான், மத்த கிழவிங்க டீதான் குடிச்சாங்க.” படத்தைப் பார்த்தாரா, போஸ்டரைப் பார்த்தாரா? அம்மா போயிட்டா, அப்பன் மகன்னு சொல்லவே கூசறான். சோறு போட்டு ஷேக்ஸ்பியர் சொல்லிக்கொடுத்தது மேரி. அப்பன் ஆபீஸ்லயே வேலை பார்த்த இங்கிலீஷ்காரி!

ரீல்பெட்டி: அந்த மேதாவி நான்தான், வணக்கம். படிப்புக்குப் பணம் ஒதுக்கினது யாரு? ஷேர் நடிச்ச எல்சா, அந்தப் பணக்கார அமெரிக்கக்காரி. பணம் யாரோடது சார்?

மாடிவீட்டு மைனர்: செக்குல கையெழுத்துப் போட்டா தாயாகிடுவாளா?

கொத்தமல்லி: வளர்க்கறதுன்னா என்னன்னு மொதல்ல பேசிக்கலாமே...

ரீல்பெட்டி: 1940ல இத்தாலி போர்ல குதிச்சதும் இங்கிலீஷ்காரிங்களை சான் ஜிமிஞானோங்கற ஊர்ல அடைச்சாங்களே, அப்புறம் ஹோட்டலுக்கு மாத்தினது யாரோட பணம்? அந்த இங்கிலீஷ்காரிங்கள்ல ஒருத்தி லேடி ஹெஸ்டர், உண்மை தெரியற வரைக்கும் முசோலினி தயவுன்னு நினைச்சுட்டு எல்சாவைத் திட்டிட்டே இருந்தா. இங்கயும் சில ஹெஸ்டர் இருக்காங்க.

மாடிவீட்டு மைனர்: அப்போ லூக்கா மீசை முளைச்ச ஆளு. ஹோட்டல் பில்லுக்கும் வளர்ப்புக்கும் என்ன சம்பந்தம்? இது டைரக்டர் செஃபிரெல்லி சொந்த வாழ்க்கையிலேர்ந்து எடுத்தது. ஃப்ளாரன்ஸ்ல நிஜத்துல அவருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது மேரி ஓ'நீல். 1968ல ரோமியோ ஜூலியட் எடுத்தாரே, அது எங்கேர்ந்து வந்தது?

ரீல்பெட்டி: அதுக்கும் ஒருத்தர் பணம் போட்டிருப்பாரே!

ஞாயிறுமேட்னி: இதுக்கு காமெடின்னு டேக் போட்ட புண்ணியவான் யாரு? யூதப் பொண்ணான எல்சாவை அவ காதலனே நாஜிகிட்ட மாட்டிவிடப் பார்க்கறான். சிரிப்பா வருது?

ரீல்பெட்டி: ஹெஸ்டரோட பேரன் வில்ஃப்ரெட் பொம்பளை வேஷத்துல சுத்தறப்போ நான் சிரிச்சேன். உங்களுக்குத்தான் போன மாசம் சாப்ளின் படத்துக்கே சிரிப்பு வரலையே.

ஞாயிறுமேட்னி: அதை இன்னும் விடலையா? சப்டைட்டில் திருடினது யாருன்னு சொல்லட்டுமா?

ரீல்பெட்டி: சொல்லுங்க, ஸ்க்ரீன்ஷாட் என்கிட்டயும் இருக்கு.

கொத்தமல்லி: ஹெஸ்டரா நடிச்ச மேகி ஸ்மித்துக்கு பிரிட்டிஷ் சினிமா விருதான பாஃப்டா கிடைச்சது இந்தப் படத்துக்குத்தான். அதையாவது பேசலாம்.

ரீல்பெட்டி: அவங்க அப்படி மூஞ்சியைச் சுளிக்கறதுக்கு எதிர்ல எல்சா வேணும்ல? ஷேர் இல்லாட்டி பாஃப்டாவும் இல்ல.

மாடிவீட்டு மைனர்: அடப்பாவி, அதுவும் ஷேர் போட்ட பிச்சையா! லூக்காவை அப்பன் ஆஸ்திரியாவுக்கு அனுப்பினப்போ உங்க எல்சா பணம் தடுத்துச்சா?

ரீல்பெட்டி: மேரி தடுத்தாங்களா? நாலு வரி எழுதறதுக்குள்ள கோபம் வருது உங்களுக்கு. மறுபடியும் கேக்கறேன், ஹோட்டல் பணம் யாரோடது?