கிட்னி பழுதானவங்களுக்கு கிரீன் டீ: இதயத்துக்குக் காவலா, வெறும் வெந்நீரா?

மேகமலை_இலை
கிட்னி பழுதானவங்கள்ல டயாலிசிஸ் வரைக்கும் போறவங்களைவிட, அதுக்கு முன்னாடியே இதயத்தால போயிடுறவங்கதான் அதிகம். இருந்தும் கிரீன் டீன்னாலே "அய்யோ, பொட்டாசியம்"னு விரட்டுறாங்க. ஜப்பான்ல 40,530 பேரைப் பல வருஷம் கவனிச்சு 2006-ல ஒரு ஆய்வு வந்துச்சு. தினம் 5 கப்பும் அதுக்கு மேலயும் குடிச்ச பெண்கள்ல இதய, ரத்தநாளச் சாவு 31 சதவீதம் குறைவு, ஆண்கள்ல 22. பிரேசில்ல 2016-ல சர்க்கரையால கிட்னி கெட்ட 42 பேரை வச்சு 12 வாரம் பார்த்தாங்க. கிரீன் டீச் சத்து எடுத்தவங்களுக்கு யூரின்ல போற ஆல்புமின்ங்கிற புரதம் 41 சதவீதம் இறங்குச்சு. தினம் 4 கப் குடிக்கச் சொல்றதுல என்ன தப்பு?

சிம்மக்கல்_மருந்தாளர்
அண்ணே, ரெண்டையும் ஒரே பானையில போட்டுக் கிண்டாதீங்க. ஜப்பான்ல பார்த்தது ஊர்ப் பொதுமக்களை. ஏற்கெனவே மாரடைப்பு, பக்கவாதம், கேன்சர் வந்தவங்களை விலக்கிட்டுத்தான் கணக்கே போட்டாங்க. கிட்னி நோயாளிகளுக்குன்னு செஞ்சதும் இல்ல. டீ நிறைய குடிக்கிறவங்க மத்த பழக்கத்துலயும் வேற மாதிரி இருப்பாங்க.

பிரேசில்ல கொடுத்தது கப் இல்ல, 800 மி.கி. இஜிசிஜி, அதாவது கிரீன் டீல இருக்கிற முக்கியமான சத்து. ஒரு கப்புல அது 50-லிருந்து 100 மி.கி. வரும். அப்போ 8-லிருந்து 16 கப். மாத்திரையா எடுத்தா அதே 800 மி.கி. அளவுலதான் ஈரல் என்சைம் ஏறுதுன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல எச்சரிச்சுச்சு. ஆல்புமின் இறங்கினது நல்ல அறிகுறிதான், அதுக்காக இதயம் தப்பிச்சதுன்னு ஆயிடாது.

இன்னொண்ணு. கிட்னி நோய் முத்தினவங்க இதயம் கெடுறது கொழுப்பு அடைப்பால மட்டுமில்ல. பிரஷரால சுவர் தடிக்குது, பாஸ்பரஸ் ஏறி ரத்தக்குழாய்ல சுண்ணாம்பு படியுது, தேங்குற நீர் இதயத்தை இழுத்துப் பெருக்குது, பொட்டாசியம் எகிறினா துடிப்பு தடம் மாறுது. டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு கொழுப்பைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்த 4டி (2005), அரோரா (2009) ஆய்வு ரெண்டுலயும் கெட்ட கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல குறைஞ்சும் மாரடைப்பு, சாவுக் கணக்கு சொல்லிக்கிற மாதிரி இறங்கல. அந்தக் கொழுப்புல கிரீன் டீ குறைக்கிறது டெசிலிட்டருக்கு வெறும் 2-லிருந்து 5 மி.கி.

மேகமலை_இலை
தம்பி, டயாலிசிஸ்காரங்களையே காட்டுறீங்க. 2011-ல வந்த ஷார்ப் ஆய்வையும் சொல்லுங்க. 9,270 பேர், மூணுல ரெண்டு பங்கு டயாலிசிஸ் இல்லாதவங்க. கொழுப்பு மாத்திரையால அடைப்பு சம்பந்தமான பாதிப்பு 17 சதவீதம் குறைஞ்சுச்சு. டயாலிசிஸுக்கு முந்தின மூணாம், நாலாம் கட்டத்துல கொழுப்புக்கும் பங்கு உண்டு.

கிரீன் டீ மாத்திரை வேண்டாம், ஒத்துக்கிறேன். கப்புக்கு வருவோம். எதுக்குப் பதிலா குடிக்கிறோம்னு பாருங்க. மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கிளாஸ் டீன்னா 120 மில்லி, பாதி பால். அந்த 60 மில்லி பால்ல பாஸ்பரஸ் சுமார் 55 மி.கி., பொட்டாசியம் 85 பக்கம். சர்க்கரை ரெண்டு ஸ்பூன், 10 கிராம். நாளைக்கு நாலுன்னா 220 மி.கி. பாஸ்பரஸ், 40 கிராம் சர்க்கரை, கூடவே வடை. பால் சேர்க்காத கிரீன் டீல பாஸ்பரஸ் இல்லைன்னே சொல்லலாம்.

திருநகர்_டயட்
பாலுக்குப் பதிலாங்கிற வாதம் சரி சார். "4 கப்"லதான் இடிக்குது.

டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்குப் பொதுவான நீர்க் கணக்கு: ஒரு நாள் யூரின் அளவு, அதோட 500 மில்லி. யூரின் 300 மில்லின்னா மொத்தம் 800. நாலு கப் 150 மில்லி வீதம் 600 போச்சு. மிச்சம் 200-ல மாத்திரை, ரசம், மோர் எல்லாம் அடங்கணும், அதுவும் சித்திரை வெயில்ல! ரெண்டு டயாலிசிஸுக்கு நடுவுல எடை 4 சதவீதத்துக்கு மேல ஏறக்கூடாது, 55 கிலோக்காரருக்கு 2.2 கிலோ. அதைத் தாண்டினா மூச்சு முட்டும். இதயத்துக்குன்னு குடிச்ச டீயே இதயத்துக்குச் சுமை.

வீக்கம் இல்லாத, நீர்க் கட்டுப்பாடு சொல்லாத மூணாம் கட்டத்துக்காரர் 2 கப் தாராளமா குடிக்கலாம். 2 கிராம் இலை, 150 மில்லி தண்ணி, கொதி அடங்கி 80 டிகிரிக்கு வந்ததும் ஊத்தி, 2 நிமிஷத்துல வடிச்சிடணும். அடுப்புல இலையோட கொதிக்க விட்டா துவர்ப்பு ஏறும். அதை மறைக்கத் தேன், கருப்பட்டின்னு போயிடுவாங்க, சர்க்கரை நோயாளிக்கு அதோட கதை முடிஞ்சது. எலுமிச்சை நாலு சொட்டு பரவாயில்ல. ராத்திரி வேண்டாம், காஃபின் இருக்கு.

உசிலம்பட்டி_வாத்தியார்
டீல இருக்கிற ஆக்சலேட்ங்கிற உப்பால ஒருத்தருக்கு கிட்னி போச்சுன்னு ஒரு வாட்ஸப் செய்தி சுத்துதே?

திருநகர்_டயட்
அது அமெரிக்காவுல 2015-ல பதிவானது. தினம் 16 கிளாஸ் ஐஸ் டீ, அதுவும் கருப்பு டீ. 2 கப் கிரீன் டீக்கு அந்தப் பயம் தேவையில்ல. ஆக்சலேட் கல் வர்றவங்க கீரையைத்தான் முதல்ல பார்க்கணும்.

சிம்மக்கல்_மருந்தாளர்
கப்பாவே இருந்தாலும் மருந்தோட மோதுற இடம் உண்டு. ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை எடுக்கிறவங்க டீயோட விழுங்கினா பாதி வீண், 2 மணி நேரம் இடைவெளி வேணும். நரம்புல ஏத்துற இரும்புக்கு இது பொருந்தாது. வால்வு ஆபரேஷன் ஆகி ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் எடுக்கிறவங்க திடீர்னு டீ அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. 1999-ல பதிவான ஒருத்தர் தினம் 2-லிருந்து 4 லிட்டர் வரை கிரீன் டீ குடிச்சு, 3.79-ல இருந்த ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற அளவு) 1.37-க்கு விழுந்துச்சு. நாடோலால்ங்கிற பிரஷர் மாத்திரையை இந்த டீ உடம்புல சரியா சேர விடாது, ரத்தத்துல அளவு 85 சதவீதம் வரை குறைஞ்சிருக்கு.

"தொப்பை குறைக்கும் கிரீன் டீ" பாக்கெட்ல பின்பக்கம் நிலாவரை இருக்கான்னு படிங்க. அது பேதி மருந்து. ரெண்டு நாள் வயித்தால போனா கிரியேட்டினின் (கிட்னி வடிக்கிறது குறைஞ்சா ரத்தத்துல கூடுற கழிவு) ஏறும்.

மேகமலை_இலை
சரி, 4-லிருந்து 2-க்கு இறங்கிட்டேன். ஆனா பிரஷரும் கொஞ்சம் குறையுதுல்ல?

சிம்மக்கல்_மருந்தாளர்
2 புள்ளி குறையலாம்ணே. உப்பை ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ள கொண்டு வந்தா அதைவிட நல்லாவே இறங்கும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அந்த ஒரு ஸ்பூன்லதான். அதுக்காக "லோ சோடியம்" உப்பு வாங்கிடாதீங்க, அதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் குளோரைடு. பிரஷருக்கு டெல்மிசார்டன் எடுக்கிறவருக்கு அது உங்க டீயைவிடப் பல மடங்கு ஆபத்து.

மேகமலை_இலை
காலை 7-க்கு இரும்பு மாத்திரைன்னா?

திருநகர்_டயட்
டீ 9 மணிக்கு மேல. 11-க்கு ஒண்ணு, 4-க்கு ஒண்ணுன்னு வச்சா இரும்பு மாத்திரையோட மோதாது. அந்த நேரத்துப் பால் டீயை நிறுத்திட்டுத்தான் சார், அதோட சேர்த்து இல்ல.